எந்த ஃபனல் கருவி? ஒரே ஆளை அது எப்படி எண்ணுகிறது என்று முதலில் கேளுங்கள்

ஒரு வாரம், ஒரே தளம், மூன்று கருவிகள். பதிவுப் பக்கத்துக்கு வந்தவர்களில் கணக்குத் தொடங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டால் மூன்றும் மூன்று விடை சொல்லின. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்காகவே ஒரு மதியம் முழுக்கக் கூட்டம் நடந்தது. எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்பதே எல்லாருடைய கவலையும். தோண்டிப் பார்த்ததில் மூன்றுமே உண்மைதான் சொல்லியிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து யாராவது "ஃபனல் பார்க்க எந்த டூல் நல்லது?" என்று கேட்டால் நான் பட்டியலை எடுப்பதில்லை. உங்கள் பயனர் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்கு வர எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார், வழியில் எத்தனை சாதனம் மாறுகிறார் என்று திருப்பிக் கேட்கிறேன். இதற்குப் பதில் தெரிந்தாலே பாதிக் கருவிகள் தாமாக விலகிவிடும்.

(ஃபனல் என்றால் நம் புனல்தான்: முதல் படிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு படியாகக் கடந்து கடைசிப் படி வரை வருகிறார்கள் என்ற கணக்கு. ஆனால் பெயர் கொஞ்சம் ஏமாற்று. எண்ணெய் ஊற்றும் புனலில் மேலே ஊற்றியது அத்தனையும் கீழே வந்து சேரும். இந்தப் புனலில் பெரும்பகுதி வழியிலேயே சிந்திவிடுகிறது. இணையக் கடைகளில் நிரப்பப்படும் கூடைகளில் சுமார் 70 சதவீதம் வாங்கப்படாமலே விடப்படுகின்றன என்பது பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரி.)

ஒரே தரவு, வேறு வேறு விடை

ஒரு சின்ன ஃபனலை எடுத்துக்கொள்வோம். பொருள் பக்கம், கூடை, பணம் என்று மூன்று படி.

ஒருவர் திங்கட்கிழமை பொருளைப் பார்க்கிறார், வியாழக்கிழமை வந்து கூடையில் போட்டுப் பணம் கட்டுகிறார். ஒரே செஷனுக்குள்ளேயே, அதாவது ஒரே வருகைக்குள்ளேயே, எல்லாப் படியும் முடிய வேண்டும் என்று எண்ணும் கருவிக்கு இவர் வாங்காமல் போனவர். ஏழு நாள் அவகாசம் தரும் கருவிக்கு வாங்கியவர். இன்னொருவர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறை வாங்குகிறார். ஆட்களை எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று, நூறு சதவீதம். வருகைகளை எண்ணினால் மூன்றில் ஒன்று. மூன்றாமவர் பொருள் பக்கத்தையே திறக்காமல், தேடல் பட்டியலில் இருந்த பட்டனைத் தட்டிக் கூடையில் போட்டுவிட்டார். வரிசை தப்பாமல் வர வேண்டும் என்று கேட்கும் ஃபனலில் இவர் கணக்கிலேயே வரமாட்டார், பணம் கட்டியிருந்தாலும்.

நான்காவது வகைதான் எனக்குப் பிடித்தது. சட்டையைப் பார்த்தார், செருப்பை வாங்கினார். 'பொருள் பார்த்தல்' ஈவென்டும் 'பணம் கட்டுதல்' ஈவென்டும் (கருவி பதிந்துகொள்ளும் ஒவ்வொரு நிகழ்வும் ஓர் ஈவென்ட்) இருப்பதால் சாதாரண ஃபனல் இதை வெற்றி என்று எழுதிக்கொள்ளும். சட்டைப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட் என்ற இரண்டு ஃபனல் கருவிகளிலும் ஒரு பண்பை எல்லாப் படிக்கும் மாறாமல் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறது: பொருளின் எண் முதல் படியிலும் கடைசிப் படியிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே எண்ணு என்று சொல்லலாம். பல பொருள் விற்கும் தளத்துக்கும், பல பாடம் நடத்தும் ஆப்புக்கும் இது இல்லாத ஃபனல் பாதி உண்மைதான் சொல்லும்.

ஆக, எந்தக் கருவியின் டெமோவைப் பார்த்தாலும் வண்ணப் பட்டைகளை ரசிப்பதற்கு முன்னால் கேட்டுவைக்க வேண்டியவை சில உண்டு. அவகாசத்தை நாமே வைக்க முடியுமா? எண்ணுவது ஆளையா, செஷனையா, நிகழ்வையா? வரிசையைத் தளர்த்தலாமா? நடுவில் ஒரு படி நடந்தால் அந்த ஆளை விலக்கலாமா? இதற்கெல்லாம் விடை மழுப்பலாக வந்தால் அடுத்த கருவிக்குப் போய்விடலாம்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4

பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான், காரணமும் நியாயமானது. இலவசம், ஏற்கெனவே தளத்தில் இருக்கிறது, விளம்பரக் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று புதிய தரவை வாங்குவதை நிறுத்தியபோது வேறு வழியில்லாமல் இதற்கு வந்தவர்களும் நிறைய. பழையதில் எல்லாம் பக்கமும் செஷனுமாக இருந்தது. இதில் எல்லாமே ஈவென்ட். ஃபனலுக்கு அது நல்ல மாற்றம் என்றே சொல்வேன், பழகத்தான் நாளாகும்.

இதன் ஃபனல் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் பத்துப் படி வரை வைக்கலாம். முதல் படியில் நுழைந்தவர்களை மட்டும் எண்ணலாம், அல்லது எந்தப் படியில் நுழைந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு படிக்கு அடுத்த ஈவென்டாகவே மறு படி வந்தாக வேண்டுமா, இடையில் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாமா என்பதையும் குறிக்கலாம். இலவசக் கருவிக்கு இது தாராளம்தான்.

சிக்கல் வேறிடத்தில். இந்த ஆய்வுப் பகுதி பயன்படுத்தும் தரவு, நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், இரண்டே மாதம்தான் வைக்கப்படும். அமைப்பில் போய் 14 மாதமாக்கலாம். ஆனால் ஏற்கெனவே அழிந்தது திரும்பி வராது. போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் உட்காரும்போதுதான் இது தெரியவரும். கணக்குத் தொடங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். நாமாகச் சேர்க்கும் தகவல்களையும் 'தனிப்பயன் பரிமாணம்' என்று பதிவு செய்த நாளிலிருந்துதான் அறிக்கையில் பார்க்க முடியும். ஒரு கேள்வி ஒரு கோடி ஈவென்டைத் தாண்டினால் மாதிரி எடுத்துத்தான் பதில் தரும். நேற்று மாலை நடந்தது இன்று காலை முழுமையாக வந்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை; ஒன்றிரண்டு நாள் தள்ளிப் பார்ப்பதே நல்லது.

என் கணிப்பு: விளம்பரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரே மூச்சில் வாங்கிவிட்டுப் போகும் தளம், கேள்வி கேட்பவர் ஒருவரோ இருவரோ என்றால் இதுவே போதும். வாரம் பத்துப் புதுக் கேள்வி கேட்கும் தயாரிப்புக் குழுவுக்கு இது கை வராது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆய்வுப் பக்கம் திறந்து, படிகளை மறுபடி அடுக்கி... பொறுமை போய்விடும்.

ஒரு விஷயத்துக்காக மட்டும், வேறு கருவி வாங்கினாலும் இதை விடாமல் வைத்திருக்கலாம். கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு மூல ஈவென்டுகளை ஏற்றுமதி செய்யும் வசதி சாதாரணக் கணக்குக்கும் உண்டு. தினசரி ஏற்றுமதிக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் ஈவென்ட் வரம்பு. இதுவும் இணைத்த நாளிலிருந்துதான் ஓடும், பழையதை அள்ளித் தராது.

மிக்ஸ்பேனலும் ஆம்ப்ளிட்யூடும்

இவை இரண்டும் ஃபனலையே தொழிலாகக் கொண்டவை. மிக்ஸ்பேனல் 2009இல் தொடங்கியது, ஆம்ப்ளிட்யூட் 2012இல். வசதிகளை வரிசையாக எழுதி டிக் போட்டால் இரண்டு பத்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஒருவர் ஒன்றைச் சேர்த்தால் மற்றவரும் சேர்த்துவிடுகிறார். பயனர் திரையில் செய்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டும் செஷன் ரீப்ளே கூட இப்போது இரண்டிலும் வந்துவிட்டது. ஆகவே அந்த டிக் பட்டியலை வைத்து முடிவெடுக்க முடியாது.

கையில் எடுத்தால் வேறுபாடு தெரியும். மிக்ஸ்பேனலில் ஒரு கேள்வியைத் தட்டிப் பதில் பார்ப்பது வேகம். டேட்டா ஆள் இல்லாத குழுவில் தயாரிப்பு மேலாளரே உட்கார்ந்து நோண்டலாம். ஆட்களாக எண்ணு, மொத்தமாக எண்ணு, செஷனாக எண்ணு என்பதை அதே திரையில் மாற்றிப் பார்க்கலாம் என்பதால், மேலே சொன்ன முதல் இரண்டு பேரும் கணக்கை எப்படி மாற்றுகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும். ஆம்ப்ளிட்யூடில் ஆழம் கொஞ்சம் அதிகம், படிக்க வேண்டியதும் அதிகம். படிகள் இந்த வரிசையில், எந்த வரிசையிலும், இடையில் வேறெதுவும் இல்லாமல் என்று மூன்று விதமாகக் கேட்கலாம். இரண்டு படிக்கு நடுவே நின்றுபோனவர்கள் எதைச் செய்தார்கள், கடந்துபோனவர்கள் எதைச் செய்தார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும் பகுதியும் இருக்கிறது. அது காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. உதவிப் பக்கத்தைத் திறந்தவர்கள் அதிகம் நின்றுபோனார்கள் என்றால் உதவிப் பக்கத்தைத் தூக்கிவிடக் கூடாது.

கட்டணக் கணக்கையும் பாருங்கள். ஈவென்ட் எண்ணிக்கைக்குக் காசு என்றால், ஒரே ஆள் நாளெல்லாம் உள்ளேயே இருக்கும் ஆப்புக்கு, அதாவது விளையாட்டு, அரட்டை, பாட்டு மாதிரி, சீக்கிரம் எகிறும். மாதத்துக்கு வந்துபோகும் ஆட்கள் எண்ணிக்கைக்குக் காசு என்றால், ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் நிறைந்த தளத்துக்கு நஷ்டம். மிக்ஸ்பேனல் முதல் வழிக்கு மாறிவிட்டது, ஆம்ப்ளிட்யூடின் சிறு திட்டம் ஆட்களை எண்ணுவது. போன மாதத்தின் ஈவென்ட் எத்தனை, ஆள் எத்தனை என்று இரண்டு எண்ணை எடுத்துக்கொண்டு போனால் விற்பனையாளரோடு பேசுவது சுலபம்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. நாம் அனுப்புவதைத்தான் அவை காட்டும். ஒரு டெவலப்பர் 'சைன்அப்' என்று அனுப்ப, இன்னொருவர் 'சைன்_அப்' என்று அனுப்ப, ஆப் குழு 'பதிவு முடிந்தது' என்று தனியாக ஒன்றை அனுப்ப, ஃபனல் மூன்று துண்டாகக் கிடக்கும். ஈவென்ட் பெயர்களை ஒரே தாளில் எழுதி, அதைக் காவல் காக்க ஓர் ஆளை வைக்க முடியாத குழுவுக்கு இவை வீண் செலவு என்பது என் அனுபவம்.

எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொள்பவை

அந்தத் தலைவலிக்கு மருந்து என்று வந்தவைதான் ஹீப் போன்றவை. ஒரு துண்டு ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டால் எல்லாக் கிளிக்கையும் பக்கத்தையும் பதிந்துகொண்டே இருக்கும். எதை ஈவென்ட் என்று அழைப்பது என்பதை அப்புறமாக முடிவு செய்யலாம், பின்தேதியிட்டும் பார்க்கலாம். "போன மாதம் அந்தப் பட்டனை எத்தனை பேர் தட்டினார்கள்?" என்ற கேள்விக்கு மற்றக் கருவிகள் கையை விரிக்கும் இடத்தில் இது பதில் சொல்லும். வடிவமைப்பாளர் பட்டனின் பெயரையோ அமைப்பையோ மாற்றிவிட்டால் அந்த வரையறை சத்தமில்லாமல் உடைந்துபோகும் என்பதுதான் இதன் மறுபக்கம். ஃபனல் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பயனர்கள் ஓடிவிட்டார்கள் என்று பதறுவதற்கு முன் நேற்று என்ன வெளியிட்டோம் என்று பாருங்கள்.

ஹீப்பை 2023இல் கன்டென்ட்ஸ்கொயர் வாங்கியது. 2021இல் ஹாட்ஜாரை வாங்கியதும் அதே நிறுவனம். இப்படிக் கைமாறிய கருவியில் பல ஆண்டு ஒப்பந்தம் போடும்போது, எந்தப் பெயரில் எது தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

போஸ்ட்ஹாக் 2020இல் வந்தது. திறந்த மூலம். தானாகப் பிடித்தலும் உண்டு, நாமாக ஈவென்ட் அனுப்புவதும் உண்டு. கூடவே செஷன் ரீப்ளே, ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியைச் சிலருக்கு மட்டும் திறந்துவிடும் சுவிட்ச்), சோதனைகள் எல்லாம் ஒரே இடத்தில். ஃபனலில் ஒரு படி உடைந்திருப்பதைப் பார்த்து, அங்கேயே பதிவைத் திறந்து, மாற்றத்தைப் பாதிப் பேருக்கு மட்டும் காட்டி, மறுபடி அதே ஃபனலில் அளக்கலாம். டெவலப்பர்கள் நிறைந்த சின்னக் குழுவுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். சந்தைப்படுத்தல் குழு மட்டும் உட்கார்ந்து பார்க்கப் போகிறது என்றால் யோசிப்பேன். அதன் பேச்சும் திரையும் நிரல் எழுதுகிறவர்களுக்கானவை.

'ஏன்' என்று காட்டுபவை

எங்கே சிந்துகிறது என்று ஃபனல் சொல்லும், ஏன் என்று சொல்லாது. பயனர்களின் வருகைகளைப் பதிந்து ஓட்டிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி அங்கே கைகொடுக்கும். 2020 முதல் எல்லாருக்கும் இலவசம். ஒரே இடத்தைக் கோபத்தோடு பலமுறை தட்டுவதையும், தட்டியும் ஒன்றும் நடக்காத இடங்களையும் தனியாகப் பிரித்துக் காட்டும். பதிவுகள் பொதுவாக 30 நாள்தான் இருக்கும். அதில் ஃபனலும் உண்டு, ஆனால் அது செஷனுக்குள் நடப்பதைப் பார்ப்பது. முக்கிய ஃபனலை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, விழும் படியை மட்டும் இதில் பத்து நிமிடம் பார்ப்பதே சரியான பயன்பாடு. கடவுச்சொல், அட்டை எண் போன்றவை மறைக்கப்படுகின்றனவா என்று நீங்களே ஒருமுறை உங்கள் தளத்தில் தட்டச்சு செய்து, பதிவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தரவு வெளியே போகக் கூடாது என்றால்

மட்டோமோ என்ற பகுப்பாய்வுக் கருவியை நம் சர்வரிலேயே வைக்கலாம். 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறியது. மென்பொருள் இலவசம்தான், ஆனால் சொந்த சர்வரில் ஃபனல் வேண்டுமென்றால் அந்தத் துணைக்கருவிக்குத் தனியாகக் காசு. இது தெரியாமல் 'இலவசம்' என்று மேலிடத்தில் சொல்லிவிட்டுப் பின்னால் விழித்தவர்கள் உண்டு. இதன் ஃபனல் ஒரு வருகைக்குள் நடப்பதை எண்ணும் வகை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பிளாசிபிள் இன்னும் எளிமையானது. குக்கீயே (உலாவியில் வைக்கப்படும் அடையாளக் குறிப்பு) கிடையாது, எடையும் குறைவு. இரண்டு முதல் எட்டுப் படி வரை ஃபனல் வைக்கலாம். ஆனால் ஆளை அடையாளம் காண அது பயன்படுத்தும் ரகசியச் சரம் நாளுக்கு நாள் மாறி, பழையது அழிக்கப்படும். அதாவது திங்கட்கிழமை வந்தவர் வியாழக்கிழமை புது ஆள். தனியுரிமைக்கு இது பெரிய பலம். பல நாள் ஓடும் ஃபனலுக்கு இதுவே முட்டுக்கட்டை. செய்தி மடலுக்குப் பதிவு, தொடர்புப் படிவம் போன்ற ஒரே அமர்வு வேலைகளுக்கு மிக நன்று.

உண்மையில் இந்த மறதி பிளாசிபிளுக்கு மட்டும் உரியதல்ல. சஃபாரி உலாவி 2019 முதல் ஸ்கிரிப்ட் வழியாக வைக்கப்படும் குக்கீக்கு ஏழு நாள்தான் ஆயுள் தருகிறது. பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் ஐபோன்காரர் எந்தக் கருவிக்கும் பெரும்பாலும் புது முகம்தான். 30 நாள் அவகாசம் வைத்த ஃபனலில் சஃபாரி மட்டும் மோசமாகத் தெரிந்தால் உடனே வடிவமைப்பைக் குறை சொல்லாதீர்கள். உள்நுழைவு எவ்வளவு முன்னால் நடக்கிறதோ அவ்வளவு நல்லது, அதன் பிறகு ஆளைப் பயனர் எண்ணால் கோத்துவிடலாம். இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. வெளியேறும்போது அடையாளத்தை அழிக்கும் கட்டளையை அழைக்க மறந்துவிட்டால், ஒரே கணினியைப் பகிரும் இருவர் ஒரே ஆளாக ஒட்டிக்கொள்வார்கள்.

ஆப் என்றால்

இணையதளத்தில் டிராக்கிங் பிழை என்றால் மாலைக்குள் திருத்திவிடலாம். ஆப்பில் பிழையான ஈவென்ட் பழைய பதிப்பை வைத்திருக்கும் ஒவ்வொருவரின் போனிலிருந்தும் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஆப்புக்கான கருவியில் பதிப்பு எண்ணால் பிரித்துப் பார்க்கும் வசதியும், பழைய ஈவென்டை மறைக்கும் அல்லது இணைக்கும் வசதியும் இருந்தே ஆக வேண்டும். இணைப்பு இல்லாதபோது நடந்தவை பின்னால்தான் வந்து சேரும் என்பதால் இன்றைய ஃபனல் நாளை சற்று மாறும். கூகுள் வழி போகிறவர்களுக்கு அதன் ஆப் கருவித்தொகுப்பான ஃபயர்பேஸ் இருக்கிறது, அதன் தரவு அனலிட்டிக்ஸ் 4இலேயே வந்து விழும்.

ஆப்பிளின் அனுமதிக் கேள்வி, அதாவது 2021இல் ஐஓஎஸ் 14.5உடன் வந்தது, ஃபனலைக் கொன்றுவிட்டது என்று பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். அது பிற நிறுவனங்களின் ஆப்புகள், தளங்கள் ஊடாக ஒருவரைப் பின்தொடர்வதற்கானது. உங்கள் ஆப்புக்குள் நடப்பதை உங்களுக்காக மட்டும் எண்ணுவதற்கு அந்தப் பெட்டி தேவையில்லை. எதைச் சேகரிக்கிறோம் என்று ஆப் ஸ்டோரில் அறிவிக்க மட்டும் வேண்டும்.

சொந்தமாக எஸ்க்யூஎல்

டேட்டா ஆள் இருக்கும் இடத்தில் இதை, அதாவது மூலத் தரவை எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் நாமே கேட்பதை, ஒதுக்க முடியாது. எல்லா வரையறையும் நம் கையில், எந்தக் கேள்விக்கும் இடமுண்டு. கிளிக்ஹவுஸ் தரவுத்தளத்தில் 'விண்டோஃபனல்' என்று ஒரு தனிச் செயற்கூறே இருக்கிறது: அவகாசத்தையும் படிகளையும் கொடுத்தால் ஒவ்வொருவரும் எதுவரை வந்தார் என்று சொல்லிவிடும். அந்தத் தரவுத்தளமே ஒரு வலைப் பகுப்பாய்வுக் கருவிக்காக ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸில் உருவானது, 2016இல் திறந்த மூலமானது. போஸ்ட்ஹாக்கும் உள்ளே அதையே ஓட்டுகிறது. குறை என்னவென்றால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஆளின் வரிசையில் போய் நிற்கும். காலையில் கேட்டதற்கு மறுநாள் பதில் வந்தால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள்.

தேர்ந்தெடுக்கும் இரண்டு வாரம்

இரண்டு கருவிகளைப் பொறுக்கி, ஒரே ஒரு ஃபனலை இரண்டிலும் ஓடவிடுங்கள். கடைசிப் படியை உலாவியிலிருந்து அனுப்பாமல் உங்கள் சர்வரிலிருந்து அனுப்புங்கள். பணம் கட்டிவிட்டு நன்றிப் பக்கம் வரும் முன்பே தாவலை மூடுகிறவர்கள் உண்டு. நன்றிப் பக்கத்தை மூன்று முறை புதுப்பிப்பவர்களும் உண்டு. விளம்பரத் தடுப்பான் போட்டவர்கள் முதல் படியில் மறைந்திருப்பார்கள் என்பதால் கடைசிப் படியில் ஆள் கூடுதலாக வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு கருவிகளின் கடைசி எண்ணையும் உங்கள் தரவுத்தளத்தில் உள்ள ஆர்டர்களோடு வையுங்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தில் விடுபட்ட பத்து ஆர்டரை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் வரவில்லை என்று கருவியின் உள்ளேயே தேடிப் பாருங்கள். தனி ஆளின் பாதையைத் திறந்து காட்டும் கருவியில் இது அரை மணி நேர வேலை. மொத்த எண்ணை மட்டும் காட்டும் கருவியில் ஊகம்தான் மிஞ்சும்.

தேர்ந்தெடுக்காத கருவியின் ஸ்கிரிப்டைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு தளத்தில் அப்படி மறந்துபோன நான்கு ஸ்கிரிப்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் படியில் ஆட்கள் விழுவதற்குப் பக்கம் மெதுவாகத் திறந்ததும் ஒரு காரணமாக இருந்தது.